யாரையும் பிடிக்காத கை

என் அப்பா வெந்தெலின் ராப்கோ பதினேழு ஆண்டுகள் ஒரே ஒரு படத்தைப் பற்றிப் பேசினார். அடுத்த நான்கு ஆண்டுகள், அந்தப் படத்தைப் பார்க்க வந்தவர்களுக்குச் செருப்பு எடுத்துக் கொடுத்தார். இந்தப் பிப்ரவரியில் இறந்துபோனார். வயது எழுபத்தைந்து.

ரதோவ் மாளிகையில் பார்வையாளர்கள் தங்கள் காலணிக்கு மேல் மெத்தென்ற கம்பளி ஃபெல்ட் செருப்பு மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். மரத்தரையில் கீறல் விழக்கூடாது. இருநூறு ஜோடி இருக்கும். அப்பா ஒருவரின் காலைப் பார்த்த உடனேயே சரியான ஜோடியை எடுத்து நீட்டுவார். அந்த வேலையையும் ஒழுங்காகத்தான் செய்தார். ஆனால் அது அவருக்குத் தண்டனையாகக் கொடுக்கப்பட்டது.

படத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அகலம் இரண்டு மீட்டர் பத்து, உயரம் ஒன்றரை. துணியில் எண்ணெய் வண்ணம். செர்னாகி பிரபு குடும்பம். பிரபு நிற்கிறார், மனைவி மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். இடப்பக்கம் இரண்டு பையன்கள். வலது ஓரத்தில் வெள்ளை உடையில் ஆறு வயதுப் பெண். ஒரு கையில் செர்ரிப் பழங்கள். இன்னொரு கை பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் நீண்டிருக்கிறது. விரல்கள் மடங்கியிருக்கின்றன. எதையோ பிடித்திருப்பதுபோல. ஆனால் அங்கே எதுவும் இல்லை. கருஞ்சிவப்புத் திரைச்சீலை மட்டும்தான்.

அப்பா பார்வையாளர்களை அந்தப் படத்தின் முன்னால் நிறுத்துவார். உடைந்த பில்லியர்ட்ஸ் கோல் ஒன்றை வைத்துச் சுட்டிக்காட்டுவார். பிரபுவின் பதக்கம், சீமாட்டியின் சரிகை, பையன் கையில் இருக்கும் வரைபடம் என்று எல்லாவற்றையும் வேகமாகச் சொல்லி முடித்துவிட்டு, கோலை அந்தக் கைமேல் வைத்து நிறுத்துவார்.

"இந்தப் பாப்பா யார் கையைப் பிடிச்சிட்டிருக்கா, சொல்லுங்க பாப்போம்."

கொஞ்ச நேரம் விடுவார்.

"இங்க ஒரு பையன் நின்னான். செத்துப்போயிட்டான். அம்மாவுக்குத் தினமும் அவனைப் பாக்க முடியல. திரையைப் போட்டு மூடிடச் சொன்னாங்க. பையனை மூடினாரு ஓவியர். இந்தக் கையை மூட மறந்துட்டாரு."

பேருந்தில் வரும் ஓய்வூதியக்காரர்கள் அழுதுவிடுவார்கள். ஜன்னல் விளிம்பில் அந்தப் பாப்பாவுக்கென்று மிட்டாய் வைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் அதையெல்லாம் சேகரித்துச் சாப்பிடுவது வெரோனா அத்தை. வெரோனா அத்தை எங்களுக்கு உறவில்லை. அப்பாவுக்கு முன்னாலிருந்தே செருப்புப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அத்தைதான்.

2009-இல் புதிய இயக்குநர் வந்தார். யர்மிலா. கலை வரலாற்றில் முனைவர் பட்டம். கெட்டவர் இல்லை. முதல் வாரமே கூட்டத்தோடு கூட்டமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு நின்று அப்பா பேசியதைக் கேட்டிருக்கிறார். முடிந்த பிறகு அலுவலகத்துக்குக் கூப்பிட்டு இதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்.

"கண்ணு இருக்கே, மேடம்."

"கண்ணு சாட்சி ஆகாது, ராப்கோ சார். அந்த ஓவியருக்குக் கை வரையத் தெரியல. வலது ஓரத்துல இருக்கறதால அவசரமா முடிச்சிருக்காரு. அவ்வளவுதான். அதோட, நம்ம நாட்டுல செத்த பிள்ளைய யாரும் படத்துலேர்ந்து அழிக்க மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்."

கதையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் விளக்கச் சொன்னார் இயக்குநர். அப்பா முடியாது என்றார். ஏன் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அடுத்த வாரம் கோலை வாங்கிக்கொண்டு செருப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

வெரோனா அத்தை விடுவாரா? "பிரபு வீட்டுச் சமாசாரம் பேசினவரு இப்ப காலைப் பாத்து வேலை செய்யறாரு" என்றிருக்கிறார்.

"இங்கயாவது யாரும் சாட்சி கேக்க மாட்டாங்க, வெரோனா" என்றாராம் அப்பா.

ஊரில் பேச்சு பரவியது. பதினேழு வருடமாகப் பொய் சொல்லிப் பஸ்ஸில் வந்தவர்களை அழவைத்தவர் என்று மதுக்கடையில் சிரித்தார்கள். அப்பா மதுக்கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்.

நான் இதில் தலையிடவில்லை. நான் எரிவாயுக் குழாய்களில் வெல்டிங் சோதிக்கிறவள். எக்ஸ்ரே எடுத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இருபத்தைந்து வருடமாக வெளியில் பளபளப்பாக இருப்பதன் உள்ளே பார்க்கிறேன். அப்பாவின் படத்தை ஒரு நாளும் எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவர் இருந்தபோதே செய்திருக்கலாம். அரை நாள் வேலை.

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு புகைப்படம் தொங்குகிறது. அதைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1974-இல் எடுத்தது. அப்பா, அம்மா, ஐந்து வயதில் நான். என் வலது கை படத்தின் ஓரம்வரை நீண்டு அங்கே முடிந்துபோகிறது. ஓரம் நேராக இல்லை. கத்தரிக்கோல் போன வழி. என் கைமேல் நான்கு விரல்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவை என் அண்ணன் இமிரிச்சுடையவை.

கம்யூனிச ஆட்சியில் நாட்டை விட்டு ஓடுவது குற்றம். இமிரிச் 1983-இல் இருபது வயதில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்கு ஓடிப்போனான். அப்போது எனக்குப் பதினான்கு. தொழில்நுட்பப் பள்ளிக்கு விண்ணப்பித்திருந்தேன். ஓடிப்போனவனின் தங்கைக்கு இடமில்லை என்றார்கள். அப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். இவன் என் மகன் இல்லை, இவனோடு எனக்குத் தொடர்பு இல்லை, இருக்கவும் இருக்காது. வீட்டுக்கு வந்து சோதிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அன்று மாலையே புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து வெட்டினார். எனக்கு இடம் கிடைத்தது. அம்மா 1988-இல் மகனைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்தாள்.

எல்லை திறந்த பிறகு, 1991-இல் இமிரிச் ஒருமுறை வந்தான். அப்பா கசகசா போட்டு நூடுல்ஸ் செய்து வைத்திருந்தார். அண்ணன் உட்காரும்முன் சுவரைப் பார்த்தான்.

"என்னை எங்க போட்டீங்க?" என்று கேட்டான்.

அப்பா தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் சாப்பிட்டான். மாலை பஸ்ஸில் போய்விட்டான். பிறகு வரவில்லை. அடுத்த ஆண்டு மாளிகை அருங்காட்சியகமாகத் திறந்தது. கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தானாகக் கேட்டு வழிகாட்டி ஆனார்.

அடக்கத்துக்கும் அண்ணன் வரவில்லை. லின்ட்ஸிலிருந்து மலர்வளையம் வந்தது. நாடாவில் 'இமிரிச்' என்று மட்டும் இருந்தது. மகன் என்ற சொல் இல்லை.

அப்பாவின் பெட்டி தேவாலயத்தில் எப்போதும் அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. அதற்கு மேலே சுவரில் ஒரு பழைய படம். செல்வந்தர் ஒருவர் மனைவி மக்களோடு மண்டியிட்டிருப்பது. ஒன்பது பிள்ளைகள். ஐந்து தலைகளுக்கு மேல் சின்னச் சிவப்புச் சிலுவை. படம் வரையும்போதே இறந்துபோயிருந்தவர்கள் அவர்கள். சின்ன வயதில் பிரசங்கம் சலிக்கும்போது நான் அந்தச் சிலுவைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். அப்பா எழுபது வருடம் அதன் கீழே உட்கார்ந்தவர்.

அடக்கம் முடிந்து ஊர்ச்சாப்பாடு. முட்டைக்கோஸ் சூப், ரொட்டி, பிளம் சாராயம். இயக்குநர் யர்மிலாவும் வந்திருந்தார். அனுதாபம் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார். மே முதல் தேதி மாளிகை திறக்கும்போது எல்லாப் படங்களுக்கும் புதுக் குறிப்பு அட்டை வரப்போகிறது என்றார். செர்னாகி படத்துக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன். கையின் நிலை ஓவியரின் திறன்குறைவைக் காட்டுகிறது என்று எழுதுவதாகச் சொன்னார்.

அது சுவரில் ஏறினால் அப்பா பொய்யர் என்பது அச்சிலும் ஏறிவிடும். எக்ஸ்ரே எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"எடுங்க. ஒண்ணும் இல்லன்னா இந்தப் பேச்சு இதோட முடியணும். உங்களுக்கும் அதுதான் நல்லது."

சரி என்றேன்.

அவர் போன பிறகு வெரோனா அத்தை மூன்றாவது சாராயத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவரு எப்படிக் கண்டுபிடிச்சாருன்னு உனக்குத் தெரியுமாடி, ஸ்லாவ்கா?" என்றார். எனக்குத் தெரியாது.

மாளிகை விவசாயப் பள்ளி விடுதியாக இருந்த காலம். அப்பாவும் அத்தையும் அப்போதே அங்கே வேலை பார்த்தார்கள். வேண்டாத சாமான்கள் எல்லாம் ஓர் அறையில் கிடந்தன. படமும் அங்கேதான், தரையில் சுவரோடு சாய்ந்து நின்றது. ஈரத்தில் வண்ணம் உரிய ஆரம்பித்தது. அந்த அறையில் ஓடு பதித்த பழைய கணப்பு ஒன்று உண்டு. தீப்பிடிக்கும் என்று அதை மூட்டத் தடை. தடை உத்தரவின் கீழே கொதிகலன்காரர் என்ற முறையில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. ஆனால் படம் ஈரத்தில் கெடாமல் இருக்க, நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு நாளும் காலையில் அவர் அதை மூட்டியிருக்கிறார்.

"தரையில வயித்தைப் போட்டுப் படுத்துதான் ஊதணும். நெருப்பு வெளிச்சம் பக்கவாட்டுல படத்து மேல விழும். அப்ப திரைச்சீலையில மேடு தெரியும்னாரு. பையன் உயரத்துக்கு. தலை, தோள் எல்லாம். எனக்கும் காட்டினாரு. நான் குனிஞ்சேன், இடுப்பு பிடிச்சிக்கிச்சு, ஒண்ணும் பாக்கல."

"மேடம்கிட்ட ஏன் சொல்லல?"

"கணப்பு மூட்டினேன்னு சொல்லணுமே. கையெழுத்துப் போட்டுட்டு மூட்டினேன்னு. அந்த மனுஷன் செய்வாரா?"

அப்பா வாழ்க்கையில் முக்கியமாக இரண்டு தாள்களில் கையெழுத்துப் போட்டார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஒன்றைத் தினமும் மீறினார். மற்றதை மீறவில்லை.

மார்ச்சில் ஒரு நாள், மாளிகை குளிர்காலத்துக்கு மூடியிருந்தபோது எடுத்தோம். என் கருவி இதற்கு உதவாது. பத்து மில்லிமீட்டர் எஃகைத் துளைக்கிற கதிர் துணியை ஒன்றுமில்லாமல் கடந்துபோய்விடும். குறைந்த கிலோவோல்ட் கதிர் வேண்டும். கால்நடை மருத்துவர் கோலோமன் குதிரைக் கால்களை எடுக்கும் சின்னக் கருவியைக் கொண்டுவந்தார். கூடவே அவரும் வந்தார். கருவியை யாரிடமும் தனியாகக் கொடுக்க மாட்டார்.

"பிரபு வம்சத்தை இதுவரைக்கும் எடுத்ததில்ல. ஒரு சௌகரியம், இவங்க உதைக்க மாட்டாங்க" என்றார்.

அறையில் சூடு இல்லை. பேசினால் புகை வந்தது. படத்தை இறக்கி இரண்டு நாற்காலிகளில் நிறுத்தினோம். பின்னால் தகடு, முன்னால் கருவி. முதல் படம் முழுக்கக் கறுப்பு. கதிர் அதிகம். நேரத்தைப் பாதியாக்கினேன். யர்மிலாவையும் கோலோமனையும் அடுத்த அறைக்குப் போகச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

மடிக்கணினியில் முதலில் சட்டத்தின் மரம் வந்தது. பிறகு ஆணிகள். அந்தக் காலத்து வெள்ளை வண்ணத்தில் ஈயம் உண்டு. அது கதிரை நிறுத்தும். மேலே பூசிய கருஞ்சிவப்பு மண்வண்ணத்துக்குக் கதிரை நிறுத்தச் சக்தி இல்லை. அதனால் திரைச்சீலை மறைந்துபோனது. அதன் பின்னால் ஒரு வெள்ளைக் கழுத்துப்பட்டை வந்தது. அதற்கு மேல் ஒரு முகம்.

எட்டு வயதுப் பையன். தலை கொஞ்சம் தங்கையின் பக்கம் சாய்ந்திருந்தது. அவன் கை அவள் கைக்குள் இருந்தது. நான்கு விரல்கள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோலோமன்தான் என் தோளைத் தொட்டார்.

யர்மிலா ஒரு கதிர்ப்படத்தைப் பார்த்தார், திரும்ப எடுக்கச் சொன்னார், இரண்டாவதையும் பார்த்தார். பிறகு ஃபெல்ட் செருப்போடு அந்த மரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் அவரைச் செருப்புக்கு அனுப்பிட்டேன்" என்றார்.

அவரிடம் கணப்பைப் பற்றிச் சொன்னேன். சொன்னால் இனி அப்பாவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. படம் இப்போது தொங்குவதும் அதே அறையில்தான். யர்மிலா எழுந்து போய் மூலையிலிருந்த அந்தக் கணப்பின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தார். பழைய சாம்பல் இன்னும் இருந்தது.

விஷயம் அன்றைக்கே ஊரில் பரவிவிட்டது. மதுக்கடைக்காரர் எனக்குக் காசு வாங்காமல் ஒரு கிளாஸ் ஊற்றினார். எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பா பொய்யர் இல்லை.

இரண்டு வாரம் கழித்து யர்மிலா கூப்பிட்டார். மேஜைமேல் தேவாலயப் பதிவேட்டின் நகல்கள். செர்னாகி குடும்பத்துக்கு ஐந்து பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். படத்தில் இப்போது தெரிபவர்கள் நால்வர். ஐந்தாவது பெயர் அலோய்ஸ். அடக்கப் பதிவேட்டில் அவன் பெயரே இல்லை. யர்மிலா விடாமல் தேடியிருக்கிறார். வேறு ஊரில், முப்பத்தொன்பது வயதில், அவன் சாட்சியாகக் கையெழுத்திட்ட திருமணப் பதிவு ஒன்று கிடைத்திருக்கிறது.

"அவன் சாகல, ஸ்லாவ்கா. வளர்ந்து பெரியவனாயிருக்கான். அப்பாவோட என்ன சண்டையோ. படத்துலேர்ந்து எடுத்துட்டாங்க." நகல்களை அடுக்கிக்கொண்டே மேலும் சொன்னார். "அன்னைக்கு நான் உங்க அப்பாகிட்ட சொன்னதும் இதுதான். செத்தவங்கள இங்க யாரும் அழிக்க மாட்டாங்க. சிலுவை போட்டுப் படத்துலயே வெச்சுக்குவாங்க. அழிக்கறது உயிரோட இருக்கறவங்களைத்தான். இது அவருக்கு எப்படித் தெரியாம போச்சு?"

அவருக்குத் தெரியும். எழுபது வருடம் ஐந்து சிவப்புச் சிலுவைகளுக்குக் கீழே உட்கார்ந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. நெருப்பு வெளிச்சத்தில் மேட்டைப் பார்த்த நாளிலேயே, அந்தத் தந்தை என்ன செய்திருக்கிறார் என்று அப்பாவுக்கு விளங்கியிருக்கும். தானும் செய்தவர்தானே. ஆனால் அதை அப்படியே சொன்னால், உயிரோடிருந்த மகனை ஒரு அப்பா அழித்தார் என்று ஒரு நாளைக்கு ஆறு முறை, பதினேழு வருடம் சொல்லவேண்டி வந்திருக்கும். அதனால் கதையில் பையனைச் சாகடித்தார். செத்த பையனுக்காக எல்லோரோடும் சேர்ந்து அழலாம். கதையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் விளக்கச் சொன்னபோது ஏன் மறுத்தார் என்பதும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பையனைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் அங்கே நிற்பது அவரால் முடிந்திருக்காது.

யர்மிலா ஒரு வழி சொன்னார். இறப்பைப் பற்றிப் பேசாமலே விடலாம். 'இங்கே ஒரு சிறுவனின் உருவம் மறைக்கப்பட்டுள்ளது. இதை முதலில் கண்டறிந்தவர் வெந்தெலின் ராப்கோ.' இதோடு நிறுத்திவிட்டால் அப்பா சொன்னது முழுவதும் சரி என்றே ஆகிவிடும்.

"அவன் உயிரோட இருந்தான்னும் போடுங்க" என்றேன்.

"உங்க அப்பா சொன்னதுக்கு நேர் எதிரா இருக்குமே."

"தெரியும். அவர் பேரும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்."

வெல்டிங்கில் விரிசல் தெரிந்தால் அதை எழுதாமல் விட எனக்கு வராது. அப்பாவுக்காகவும் வரவில்லை.

வீட்டுக்குப் போய் அண்ணனுக்குத் தொலைபேசினேன். அப்பா இறந்ததைக்கூடக் குறுஞ்செய்தியில்தான் சொல்லியிருந்தேன்; ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பேசுகிறோம். எக்ஸ்ரேயிலிருந்து பதிவேடுவரை வரிசையாகச் சொன்னேன். அப்பா பதினேழு வருடம் அந்தக் கையைப் பற்றியே பேசினார் என்பதையும் சொன்னேன்.

"தினமுமா சொன்னாரு?" என்றான் கடைசியில்.

"திங்கட்கிழமை தவிர."

"என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாம்."

"ஆமா அண்ணா. சொல்லியிருக்கணும்."

மே முதல் தேதி அவன் வந்தான். ஐம்பது வயது. தலை அப்பாவுக்கு நரைத்ததைப் போலவே பக்கவாட்டில் நரைத்திருந்தது. செருப்பு மேஜையில் வெரோனா அத்தை அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். குனிந்து கீழ்த்தட்டிலிருந்து பெரிய ஜோடி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது உங்கப்பன் போடறது. வேற எதுவும் உனக்குச் சேராது" என்றார்.

அண்ணன் மாட்டிக்கொண்டான். இருவரும் மரத்தரையில் சறுக்கிச் சறுக்கி நடந்து அந்த அறைக்குப் போனோம். குறிப்பு அட்டையை அவன் இரண்டு முறை படித்தான். பக்கத்தில் எக்ஸ்ரே நகல் மாட்டியிருந்தது. அதை அவன் பார்க்கவில்லை.

"அவரு எங்கேர்ந்து பாத்தாரு?"

கீழே காட்டினேன். கைப்பேசி விளக்கைப் போட்டுச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். அண்ணன் முழங்காலிட்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, கன்னம் சுவரில் படும் அளவுக்குச் சாய்ந்தான். பின்னால் பஸ் கூட்டம் ஒன்று வந்து நின்றது. என்ன பார்க்கிறான் என்று ஒரு கிழவர் கேட்டார்.

"தெரியுதா?" என்றேன்.

"இரு. விளக்கைக் கொஞ்சம் இறக்கு." இறக்கினேன். "தோள் தெரியுது" என்றான். பிறகு, "நீயும் வந்து பாரு" என்று நகர்ந்து இடம் விட்டான்.